ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஒரு துண்டு

உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த அந்த நகரத்தில், பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே பஸ்ஸில் உட்கார்ந்துவிடுகிற வழக்கம் ஒன்று இருந்தது. பஸ் வந்து நிற்பதற்குள் யாராவது ஜன்னல் வழியாக ஒரு துண்டையோ கைக்குட்டையையோ, கையில் ஒன்றும் இல்லாவிட்டால் கழற்றிய ஒற்றைச் செருப்பையோகூட உள்ளே எறிந்துவிடுவார். அது எந்த சீட்டில் விழுந்ததோ அந்த சீட் அவருடையது. அதற்குப் பிறகு எவ்வளவு பெரிய மனிதர் ஏறி வந்தாலும் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காரமாட்டார். "இங்கே யாரும் இருக்காவளா?" என்று கேட்பார், பக்கத்து சீட்டில் இருப்பவர் "ஆள் வருது" என்பார், அத்துடன் பேச்சு முடிந்தது.

உப்பளத்தில் உப்பு வாரும் வேலை பார்த்த சந்தனமாரி தினமும் சாயங்காலம், உப்பளத்துக்கு ரோடு பிரிகிற உப்பள விலக்கில் ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஏறுவாள். அங்கேதான் பஸ் கிளம்புகிறது என்பதால் அவளுக்கு சீட் கிடைத்துவிடும். உட்கார்ந்ததும் சாப்பாட்டுப் பையிலிருந்து சிவப்புக் கட்டம் போட்ட ஒரு துண்டை எடுத்துப் பக்கத்து சீட்டில் விரிப்பாள். அது அவள் புருஷன் பேச்சிமுத்துவின் துண்டு. இரண்டு ஸ்டாப் தள்ளி துறைமுக வாசலில், பகலெல்லாம் மூட்டை சுமந்த முதுகோடு பேச்சிமுத்து ஏறுவார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அந்த இடத்தில் உட்காருவார். ஆஸ்பத்திரி ஸ்டாப் வருவதற்குள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு கடைசி ஸ்டாப்பான மேட்டுத்தெருவுக்கு வந்ததும் அவள் அவரை எழுப்பி இறக்கி வீட்டுக்குக் கூட்டிப்போவாள். கல்யாணமான நாளிலிருந்து இது இப்படித்தான் நடந்தது.

ஒருநாள் துறைமுக வாசலில் பேச்சிமுத்து ஏறவில்லை. நடுப்பகலில் மூட்டைக்கு முதுகு கொடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை என்பது அப்போது சந்தனமாரிக்குத் தெரியாது. பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது, ஒருவர் துண்டைக் காட்டி "ஆள் வருதாம்மா?" என்றார், அவள் "வருது" என்றாள், அடுத்த ஸ்டாப்பிலும் வேறொருவர் கேட்டார், அங்கேயும் அவள் "வருது" என்றாள், மேட்டுத்தெருவில் இறங்கியபோது அவளுக்காகக் காத்து நின்ற கூட்டத்தைப் பார்த்த பதற்றத்தில் துண்டை மறந்தே போனாள்.

கண்டக்டர் லூர்து அன்று டிப்போவில் பஸ்ஸை விடும்போது அந்தத் துண்டைப் பார்த்து, பத்திரமாக எடுத்து வைத்து அந்தம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்று கையை நீட்டினான். துண்டு சீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, ஜன்னல் காற்றில் அதன் ஓரம் படபடத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எடுக்கப் போன கை, எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிட்டு அடுக்களையிலிருந்து திரும்பும் ஆளைப் போல வெறுமனே திரும்பி வந்தது. லூர்து மறுபடி நீட்டினான், மறுபடியும் கை வெறுமனே வந்தது. டிரைவரைக் கூப்பிட்டான். டிரைவரும் நீட்டிப் பார்த்துவிட்டு, "விடுடே, ஆள் வருதுபோல" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சந்தனமாரி வேலைக்குக் கிளம்பியபோது துண்டு அதே சீட்டில் இருந்தது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயிலில் வந்து நின்ற ஒரு கிழவர் துண்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் தலையசைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

இது ஊரில் பரவ அதிக நாள் ஆகவில்லை. தனக்கென்று வந்திருக்க வேண்டிய ஆள் வராமல் போனவர்கள் ஒவ்வொருவராக ஏழாம் நம்பருக்கு வந்தார்கள். ஒரு மீனவர் வீட்டுப் பெண் கஞ்சித் தூக்கை வைத்துவிட்டுப் போனாள். ஒரு குமாஸ்தாவின் தம்பி மூக்குக் கண்ணாடிக் கூட்டை வைத்தான். மேட்டுத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த வேதமணி, காய்ச்சலில் போன தன் மகளின் ஜாமெட்ரி பாக்ஸைக் கொண்டுவந்து டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் வைத்துவிட்டு, அவள் அந்த சீட்டில்தான் உட்கார ஆசைப்படுவாள் என்று லூர்துவிடம் மட்டும் சொன்னார். வைத்தது வைத்தபடி இருந்தது. சாயப்பட்டறை முதலாளி ஒருவர் இதைக் கேள்விப்பட்டுத் தனக்கே ஒரு சீட் இருக்கட்டுமென்று ஜரிகைத் துண்டைப் போட்டுவிட்டுப் போனார், அதைக் கோழிக்கூடையோடு ஏறிய ஒரு பெண் இரண்டு விரலால் எடுத்து ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். உயிரோடு இருக்கிறவனுக்கு அந்த பஸ் இடம் பிடித்துத் தராது என்பது அப்படித்தான் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு வீடு வைத்திருந்த ஒரு லாரி டிரைவருக்கு முன் சீட்டில் ஒரு மனைவி சட்டையையும் பின் சீட்டில் இன்னொரு மனைவி பெல்ட்டையும் போட்டுவைத்தார்கள், இரண்டுமே நின்றன. "இருந்தப்பவும் மனுஷன் இப்படித்தான் இருந்தாரு" என்று பஸ் முழுக்கச் சிரித்தது, இரண்டு மனைவிகளும்கூடக் கொஞ்சம் சிரித்தார்கள்.

ஊர் இதற்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது. நிற்பவர்கள், துண்டு போட்ட இடங்களின் மேல் சாயமாட்டார்கள்; சாய்ந்தால் லூர்து, "அண்ணாச்சி, அவர் மடியில இருக்கிய, கொஞ்சம் தள்ளுங்க" என்பான். மழைச்சாரல் அடித்தால் பக்கத்தில் இருப்பவர் எட்டி ஷட்டரை இறக்கிவிடுவார். கண்ணாடிக் கூட்டுக்காரருக்குப் பேப்பர் பிடிக்கும் என்று யாரோ சொல்லி, படித்து முடித்த பேப்பரை அந்த சீட்டில் வைப்பது வழக்கமாயிற்று. வருஷம் திரும்புவதற்குள் ஏழாம் நம்பரில் ஒரு சீட்கூட மீதியில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் எல்லோரும் நின்றுகொண்டே போனார்கள்.

நின்று நின்று கால் வலித்தவர்கள் மெல்ல ஷேர் ஆட்டோவுக்குப் போனார்கள், கொஞ்சம் வசதி உள்ளவர்கள் தவணையில் வண்டி எடுத்தார்கள், பஸ்ஸின் வசூல் குறைந்தது.

பஸ் எதில் ஓடுகிறது என்று கேட்டால் குழந்தைகள் டீசலில் என்பார்கள், அது சரிதான். ஆனால் அந்த டீசலை வாங்க வேண்டும், டயர் தேய்ந்தால் மாற்ற வேண்டும், டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சம்பளம் தர வேண்டும், இதற்கெல்லாம் டிக்கெட் பணம் மட்டும் போதுவதில்லை. மீதியை அரசாங்கம் தருவதாகச் சொல்லும். பெண்கள் காசில்லாமல் போகிற டிக்கெட்டுக்கும் பிறகு தருவதாகச் சொல்லும். சொன்ன பணம் வராத மாதங்களில் போக்குவரத்துக் கழகம் டிப்போ இருக்கும் நிலத்தை அடகு வைத்துக் கடன் வாங்கும், அடுத்த வருஷம் அந்தக் கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்கும். இப்படி அந்த நகரத்தின் பஸ்கள் பாதி டீசலிலும் பாதி யாரோ கொடுத்த வார்த்தையிலும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வருஷம் வார்த்தை தீர்ந்துபோயிற்று. தன் டீசலைத் தானே சம்பாதிக்காத பஸ்ஸை நிறுத்திவிடலாம் என்று தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது.

டிப்போ மேலாளர் தாமோதரன் கெட்டவர் இல்லை. நிறுத்துவதற்கு முன் ஒருமுறை போய்ப் பார்ப்போம் என்று ஒருநாள் சாயங்காலம் ஏழாம் நம்பரில் ஏறினார். பஸ் நிறைய சீட்டுகள், சீட்டுகள் நிறையத் துண்டும் தூக்கும் குடையும், நடைபாதையில் நெருக்கியடித்துக்கொண்டு உப்பளத்துப் பெண்கள். அவருக்கு முதுகுவலி வேறு.

"ஏன்ப்பா லூர்து, இத்தன பேர் உட்காந்துட்டு வாராங்களே, இதுல ஒருத்தராவது டிக்கெட் எடுத்திருக்காங்களா?" என்று எரிச்சலில் கேட்டார்.

லூர்து தலையைக் குனிந்துகொண்டான். சந்தனமாரி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"எங்க வீட்டுக்காரவ ஓசியில போற ஆளில்ல" என்றாள். "தம்பி, துறைமுக வாசல்லேர்ந்து மேட்டுத்தெருவுக்கு அவ்வோளுக்கு ஒரு டிக்கெட் குடு."

லூர்து மேலாளரைப் பார்த்தான். மேலாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். லூர்து டிக்கெட் கொடுத்தான், அவள் அதைத் துண்டின் மடிப்பில் செருகினாள். பிறகு கஞ்சித் தூக்குக்கு ஒருத்தி எடுத்தாள், கண்ணாடிக் கூட்டுக்கு எடுத்தார்கள், லாரி டிரைவருக்கு இரண்டு மனைவிகளும் ஆளுக்கொன்று எடுத்தார்கள்.

அந்த மாதம் ஏழாம் நம்பர் தன் டீசலைச் சம்பாதித்தது. அடுத்த மாதம் டயரையும் சம்பாதித்தது. அதற்குப் பிறகு நகரத்திலேயே நஷ்டமில்லாத ஒரே பஸ் அதுதான் என்றானபோது தலைநகரத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எந்நேரமும் எல்லா சீட்டுகளும் நிறைந்து, யாரும் சில்லறைக்குச் சண்டை போடாமல், யாரும் படியில் தொங்காமல் ஓடுகிற பஸ்ஸை அவர்கள் அதுவரை கண்டதில்லை. இறந்துபோன பெண்களுக்கும் டிக்கெட் இலவசம்தானா என்ற கேள்வி மட்டும் கொஞ்சநாள் இங்குமங்கும் போய்வந்தது. இலவசம்தான், ஆனால் அந்தப் பணத்தை அரசாங்கம் தராது என்று முடிவானது, ஆகவே கழகம் மற்றவர்களின் டிக்கெட்டை ஏற்றியது. வேறு எந்த வழித்தடத்தில் ஏற்றியிருந்தாலும் ஜனங்கள் சத்தம் போட்டிருப்பார்கள். தன் வீட்டுச் செத்த மனிதருக்கு வாங்கும் டிக்கெட்டில் யார் பேரம் பேசுவார்கள்?

அந்தப் பணத்தில்தான் உப்பளத்துப் பெண்கள் நின்றுகொண்டாவது வேலைக்குப் போய்வந்தார்கள். ஷேர் ஆட்டோ உப்பள விலக்குவரை வராது, நடந்தால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர முடியாது. பேச்சிமுத்துவின் துண்டு அந்த பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு போகிறது என்று சந்தனமாரிக்குத் தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்களைப் பார்க்கும்போது அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

ஐப்பசி வந்து மழை பிடித்தது. மழை விழுந்தால் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்திகளில் தண்ணீர் கட்டி, வாரிக் குவித்த உப்பு ஓலைக்குக் கீழே மூச்சுவிடாமல் கிடக்கும். தை பிறக்கும்வரை அந்த வீடுகளில் அடுப்பு ஒருவேளைதான் எரியும். மற்றப் பெண்கள் வீட்டில் இருந்தார்கள். சந்தனமாரி மட்டும் வேலையில்லாத உப்பள விலக்குக்குப் போய், சாயங்காலம் பஸ் கிளம்பும்போது ஏறி, துண்டுக்குப் பக்கத்தில் நின்று, அதற்கு ஒரு டிக்கெட் எடுத்து மேட்டுத்தெருவரை வந்தாள். முதலில், கழற்றி வைத்திருந்த கால் மிஞ்சி அடகுக்கடைக்குப் போயிற்று. பிறகு வெண்கலப் பானை போயிற்று. பிறகு அவளுடைய ராத்திரிச் சாப்பாடு போயிற்று.

அவளோடு உப்பளத்தில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு வடிவு இதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒருநாள் கிண்ணத்தில் கொஞ்சம் சோற்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுக் கத்தினாள்.

"ஏ மதினி, செத்தவருக்கு டிக்கெட்டு, இருக்கவளுக்குப் பட்டினியா? கண்ணாடியில உன் மூஞ்சியப் பார்த்தியா? இன்னுங் கொஞ்ச நாள்ல உனக்கும் நாங்க ஒரு துண்டு போடணும் போலிருக்கே!"

"டிக்கெட் எடுக்கலன்னா அவ்வோள இறக்கிவிட்டுருவாங்கட்டி" என்றாள் சந்தனமாரி.

"யாரு இறக்கிவிட முடியும்? அதத்தான் ஒருத்தராலயும் தூக்க முடியலயே!"

"தூக்க முடியாதுதான். அதுக்காக டிக்கெட் இல்லாத ஆளுன்னு பேர் வாங்கிட்டு உக்காந்திருப்பாவளா? இருந்தப்ப ஒருநாள் அப்படிப் போனதில்ல."

லூர்துவும் அவள் மெலிவதைப் பார்த்தான். "யக்கா, இந்த மாசம் நான் எடுத்துப் போடுதேன், தையில குடுங்க" என்றான். அவள் சிரித்தாள். "ஏன் தம்பி, கண்டக்டர்ட்ட கடன் சொல்லிட்டுப் போற ஆளா அவ்வோ?" என்றாள், அத்துடன் அவனும் விட்டுவிட்டான்.

கார்த்திகையில் மழை ஓயாமல் பெய்த ஒரு சாயங்காலம், முந்தானை முடிச்சில் ஒன்றும் இல்லாமல் அவள் பஸ்ஸில் ஏறினாள். துறைமுக வாசல் வந்தது. லூர்து டிக்கெட் பையோடு அவளுக்குப் பக்கத்தில் வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பின்பக்கம் போனான். அவள் கம்பியில் தலையைச் சாய்த்து நின்றாள். பசியில் கண் செருகியது. ஆஸ்பத்திரி ஸ்டாப் போனது, மாதா கோவில் போனது, பழைய பஸ் நிலையம் போனது. அவள் தூக்கமா மயக்கமா என்று தெரியாத ஏதோ ஒன்றில் இருந்தாள். மேட்டுத்தெருவில் பஸ் குலுங்கி நின்றபோது திடுக்கிட்டு விழித்தவள், இத்தனை வருஷம் தினமும் செய்த காரியத்தைக் கை தன்னால் செய்ய, குனிந்து துண்டைத் தொட்டு, "ஏங்க, எந்திரிங்க, நம்ம ஸ்டாப் வந்துட்டு" என்றாள்.

துண்டு அவள் கையோடு வந்தது.

தூங்கி எழுந்தவரின் பிடரிபோல அது வெதுவெதுப்பாக இருந்தது. மடிப்பிலிருந்து பழைய டிக்கெட்டுகள் பொலபொலவென்று கால்களுக்கிடையில் கொட்டின. லூர்து விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றான். எத்தனையோ கைகள் அந்தத் துண்டை எடுக்கப் பார்த்திருக்கின்றன, எத்தனையோ நாள் அதற்கு டிக்கெட் எடுத்தாயிற்று; ஸ்டாப் வந்துவிட்டது என்று மட்டும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லாத காரணத்தால் அவரும் மற்றவர்களும் இறங்கத் தெரியாமல் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். சந்தனமாரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இருட்டிய மழையில், பக்கத்தில் ஒருவர் நடந்து வருவதற்கு இடம்விட்டுத் தெருவின் ஓரமாக வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் மேட்டுத்தெரு ஸ்டாப்பில் கூட்டம் நின்றது. "நீ எடுத்துட்டே, இனி ஒவ்வொருத்தரா எடுப்பாவ. வசூல் போச்சுன்னா பஸ்ஸும் போச்சு. தையில உப்பளத்துக்கு எதுல போவ, பறந்தா?" என்று ஒருத்தி அவள் முகத்துக்கு நேரே கேட்டாள். சந்தனமாரியும் ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

கடையைத் திறக்காமல் வந்து நின்ற வேதமணிதான் பேசினார்.

"பஸ் ஓடணும்னுதான் எனக்கும். ஆனா பிள்ள ரொம்ப நாளா உக்காந்தே இருக்கு" என்றார். "அதுக்கு வீட்டுக்கு வரத் தெரியலன்னு எனக்கு நேத்துவரைக்கும் தெரியாதுல்லா."

பஸ் வந்ததும் அவர் ஏறினார். டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டுக்கு முன் போய் நின்றார். "வீடு வந்துட்டு பாப்பா" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதைச் சொல்ல அவருக்கு மூன்று முறை வாய் திறந்து மூட வேண்டியிருந்தது, அதுவரை டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

பிறகு கஞ்சித் தூக்கு இறங்கியது, குடை இறங்கியது, கண்ணாடிக் கூட்டைத் தம்பி வந்து இறக்கிக் கூட்டிப்போனான். லாரி டிரைவரை இரண்டு மனைவிகளும் இரண்டு ஸ்டாப்பில் இறக்கினார்கள். மார்கழி முடிவதற்குள் சீட்டுகள் எல்லாம் காலியாயின. ஷேர் ஆட்டோவுக்கும் தவணை வண்டிக்கும் போனவர்கள் திரும்பி வரவில்லை. மிஞ்சியவர்கள் உப்பளத்துப் பெண்கள், அவர்களுக்கு டிக்கெட் இலவசம், அதற்கு அரசாங்கத்திலிருந்து வர வேண்டிய பணம் வரவும் இல்லை. தாமோதரன் இரண்டுமுறை தலைநகரத்துக்குப் போய் நின்று பேசிப் பார்த்தார். பொங்கலுக்கு முந்தின வாரம் பஸ்ஸை நிறுத்தும் உத்தரவு அவர் மேஜைக்கு வந்தது.

கடைசி நாள் சாயங்காலம் உப்பள விலக்கில் வழக்கம்போலப் பெண்கள் ஏறினார்கள். மழைவிட்டு அன்றுதான் பாத்தி சீர்செய்யும் வேலை தொடங்கியிருந்தது, எல்லோர் காலிலும் சேறு. ஏறியவர்கள் பழக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடைபாதையிலேயே நின்றார்கள். லூர்து பின்னாலிருந்து, "சீட்டு காலியாத்தான இருக்கு, உக்காருங்க" என்றான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவராக, புது வீட்டில் உட்காருபவர்களைப் போல உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் கிடைத்த வடிவு, "யம்மா, இந்த ரோட்டுல இவ்வளவு மரமா இருக்கு!" என்றாள். நிற்கிறவர்களுக்கு ரோடு தெரியாது, முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். ஊர் முழுக்க, துறைமுக விளக்குகளும் ஆஸ்பத்திரிச் சுவரும் மாதா கோவில் கோபுரமும் அவர்களைக் கடந்துபோயின, அவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

மேட்டுத்தெரு வந்தது. பஸ் நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை.

டிரைவர் என்ஜினை அணைத்தார். லூர்து விசிலை எடுத்தான், பிறகு வேண்டாமென்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். முன்சீட்டிலிருந்து கடைசி சீட்டுவரை உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். ஒவ்வொரு சீட்டாகப் போய், தூங்குகிறவர்களிடம் பேசும் குரலில், "யக்கா, ஸ்டாப் வந்துட்டு, எந்திரிங்க. மதினி, எந்திரிங்க, ஸ்டாப் வந்துட்டு" என்று சொன்னான். அவன் சொல்லச் சொல்ல அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து இறங்கினார்கள்.

கடைசியாக சந்தனமாரி எழுந்தாள். தோளில் கிடந்த சிவப்புக் கட்டத் துண்டை எடுத்து, சுருக்கம் நீவி, தான் உட்கார்ந்திருந்த சீட்டில் விரித்துப் போட்டாள். பிறகு படியில் கால் வைத்து இறங்கிவிட்டாள்.

"யக்கா!" என்று லூர்து ஜன்னல் வழியாகக் கூப்பிட்டான். "துண்ட விட்டுட்டுப் போறியளே! இனி இந்த பஸ் வராதுக்கா."

அவள் தன்னைச் சுற்றி நின்ற பெண்களை ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இருக்கட்டும் தம்பி" என்றாள். "ஆள் வருது."

பெண்கள் இருட்டில் தெருவுக்குள் போனார்கள். டிரைவர் மறுபடி வண்டியைக் கிளப்பினார். வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று லூர்து குனிந்து துண்டுக்குக் கையை நீட்டினான். ஜன்னல் காற்றில் அதன் ஓரம் படபடத்தது. அவன் கை வெறுமனே திரும்பி வந்தது.